இருபத்து மூன்றாவது போர்ட்

டேனியல் என் பேனாவை வாங்கி இடது உள்ளங்கையில் 23 என்று எழுதிக்கொண்டார். மை சரியாக இறங்கவில்லை. பேனாவை உதறிவிட்டு அதே எண்ணின் மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

"ஒரு நம்பர மனசுல வெச்சுக்க முடியாதா?" என்றேன்.

"போன வாரம் ஒண்ணாம் நம்பர்ல சொருவிட்டு உன்கிட்ட ஒரு மணி நேரம் பேச்சு வாங்கினேன் இல்ல. இனிமே கையப் பாத்துக்கறேன்."

"சாப்டுட்டுப் போ. எலுமிச்சம் சாதம் இருக்குது."

"அது இன்னா எழுந்து ஓடியா போவுது? வந்து சாப்பிடறேன்."

பேனாவை என் மேசையில் வைத்துவிட்டு ஏணியை எடுக்கக் கீழே இறங்கினார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி பத்தேமுக்கால். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் போவதைப் பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தோம். பிள்ளையார்பாளையத்தில், கீழே இரண்டு தறி ஓடும் வீட்டின் மாடியில், பூவராகவன் சார் நடத்தும் சின்ன இன்டர்நெட் கம்பெனி. டேனியலுக்கு வெளிவேலை: கம்பத்தில் ஃபைபர் இழுப்பது, அறுந்ததை ஒட்டுவது. எனக்கு உள்வேலை: லைன்களை இணைத்து வழி காட்டும் சுவிட்சுப் பெட்டிகளில் கட்டளைகளை எழுதுவது, லைன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. அவர் கம்பத்தில் இருப்பார், நான் நாற்காலியில் இருப்பேன். ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் எங்கள் பேச்சில் பாதி, "வந்துச்சா?", "வரல", "இப்போ?" என்பதுதான். அவர் அம்மா எதிரில் நான் அவரை வாங்க, போங்க என்பேன். மற்ற நேரத்தில் வா, போதான்.

அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று புரியாது.

மாகறலுக்கு எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஆபீசிலிருந்து ஓரிக்கை, அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி மாகறல். அந்த வழியை நான் சுவிட்சில் கையால் எழுதி வைத்திருந்தேன். அப்படி எழுதிவைத்த வழிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நடுவில் லாரி தட்டி ஃபைபர் அறுந்தாலும் அதே பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்தில் ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். முதலில் மாகறல் இ-சேவை மையம், பிறகு பள்ளிக்கூடம், பிறகு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். டேனியலோடு வெளிவேலை பார்க்கும் சத்யராஜ் அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பைக்கைக் கிளப்புவார். கால் மணி நேரத்தில் எங்களில் யாராவது ஒருவர் அறுந்த இடத்தில் நிற்பார்.

ஜூலையில் உத்திரமேரூரைச் சுற்றி மாகறலுக்கு இன்னொரு லைன் வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு வழி இருந்தால் சுவிட்சுகளே தங்களுக்குள் பேசி வழியைத் தேர்ந்துகொள்ளும்படி செய்யலாம். ஓஎஸ்பிஎஃப் என்பது அந்தப் பேச்சுக்குப் பெயர். ஒவ்வொரு சுவிட்சும் பக்கத்து சுவிட்சுக்குப் பத்து விநாடிக்கு ஒரு முறை ஹலோ சொல்லும். இருக்கிறேன் என்று அர்த்தம். நாற்பது விநாடி ஹலோ வராவிட்டால் அந்தப் பக்கம் செத்துவிட்டது என்று குறித்துக்கொண்டு, மற்ற சுவிட்சுகளுக்கும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அடுத்த வழியில் திருப்பிவிடும். ஓரிக்கை வழிக்குப் பத்து, உத்திரமேரூர் வழிக்கு நூறு என்று எண் வைத்தேன். எண் குறைந்த வழி உயிரோடு இருக்கும்வரை அதில்தான் போகும்.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது விளக்கினேன். டேனியல் சிரித்தார்.

"நாப்பது செகண்ட்ல செத்துட்டான்னு முடிவு கட்டிடுமா? எங்க அம்மா நான் ரெண்டு நாள் வரலன்னாலும் சோறு எடுத்து வெச்சுக்கினு உக்காந்திருக்கும்."

"உனுக்கெல்லாம் சோறு எடுத்து வெச்சதுதாண்டா தப்பு," என்றார் அவர் அம்மா, மேரி அத்தை. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். பேசிக்கொண்டே இன்னொரு கரண்டி சோற்றை டேனியலின் தட்டில் போட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் ஒரு மஞ்சள் சீட்டு வழக்கம் உண்டு. யாராவது ஒரு லைனில் வேலை செய்யப் போனால், திரையில் அந்த லைனுக்கான விளக்கின் மேல் அவர் பெயர் எழுதிய மஞ்சள் சீட்டை ஒட்டிவிடுவோம். சீட்டு இருக்கும்வரை, அவர் சொல்லாமல் அந்த லைனை உள்ளிருந்து யாரும் தொடக் கூடாது. அவருக்குப் போன் அடிக்கவும் கூடாது. ஏணியில் நிற்பவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தால் கை தானாகப் போகும், கால் தவறும். யார் பெயர் இருக்கிறதோ அவர் வாயால் சொன்னால்தான் சீட்டை எடுக்க வேண்டும். இந்த விதியை வைத்தது டேனியல். சத்யராஜ் அண்ணன் ஒரு முறை போன் எடுக்கப் போய் மூன்றாவது படியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு வைத்தார்.

அன்று காலை 'டேனியல்' என்று எழுதி ஓரிக்கை விளக்கின் மேல் ஒட்டியது நான்.

பதினொன்று ஐந்துக்கு ஓரிக்கைப் பெட்டியிலிருந்து கூப்பிட்டார். சாலையோரக் கம்பத்தில் ஆள் உயரத்தில் இருக்கிறது அந்தப் பெட்டி. அதற்குள் ஒரு சுவிட்ச்; அதில் ஃபைபர் செருகும் துளைகள், போர்ட்டுகள், இருபத்து நான்கு. "இருபத்து மூணுல சொருவிட்டேன் மேடம். கையில எழுதினது, மாறாது."

ஃபைபரில் ஒளி வந்தது. ஹலோவும் வந்தது. ஆனால் இரண்டு சுவிட்சும் பாதிப் பேச்சில் நின்றன. நான் நேரத்தைச் சரிபார்த்தேன், எண்களைச் சரிபார்த்தேன். இருபது நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஒரு முறையில் அனுப்பும் தகவல் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை எங்கள் பக்கம் ஒரு அளவாகவும் அந்தப் பக்கம் வேறு அளவாகவும் எழுதி வைத்திருந்தேன். திருத்தியதும் பேச்சு முடிந்தது. திரையில் 'ஃபுல்' என்று வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் முழுதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு சோதனை. டேனியல் ஃபைபரைப் பிடுங்கினார். நானும் பூவராகவன் சாரும் திரை முன்னால் நின்றோம். நாற்பது விநாடி. பிறகு உத்திரமேரூர் வழியில் மாகறல் பதில் சொல்ல ஆரம்பித்தது. போன் அடிக்கவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அடிக்கவில்லை.

"எஸ்தர்மா, என் கம்பெனில ஒரு லைன் அறுந்து ஒருத்தன்கூட என்னைத் திட்டலைன்னா அது இன்னிக்குத்தான்," என்றார் சார். கீழே ஆள் அனுப்பி இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

பன்னிரண்டு எட்டுக்கு டேனியல் திரும்பச் செருகிவிட்டுக் கூப்பிட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. ஃபுல்லு."

"சீட்ட எடுக்காத. ஒயர் சுருள் கீழ தொங்கிக்கினு இருக்குது, லாரி தட்டிடும். மேல தூக்கிக் கட்டிட்டு சொல்றேன்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"எலுமிச்சம் சாதம் கெட்டுப் போறதுக்குள்ள வந்துடறேன்."

அதுதான் கடைசி.

பன்னிரண்டு மணி, பத்தொன்பது நிமிடம், முப்பத்தொரு விநாடிக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. ஓரிக்கையிடமிருந்து நாற்பது விநாடியாக ஹலோ இல்லை, செத்ததாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு அடுத்த வரி, வழி மாறிவிட்டது. நடுவில் ஒளியை மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று இருப்பதால், அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்தாலும் எங்கள் பக்க விளக்கு உடனே அணையாது. மௌனத்தை எண்ணித்தான் எங்கள் சுவிட்ச் தெரிந்துகொள்ளும். அதாவது அறுந்தது பன்னிரண்டு பதினெட்டு, ஐம்பத்தொரு விநாடியை ஒட்டி.

நான் அந்த வரியைப் படித்தேன். படித்துவிட்டு இப்படிச் சொன்னேன்:

"சார், டேனியல் மறுபடி புடுங்கிட்டாரு போல. பாருங்க, தானா மாறிடுச்சு."

"சொல்லாம செஞ்சு பாக்கறான். உன்னை சோதிக்கிறான்மா."

"நான் பாஸ் சார்," என்றேன். சிரித்தேன். சார் இனிப்புப் பெட்டியை நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது எதுவும் இல்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில்தான், அதில் எதுவுமே இல்லை. போன் அடிக்கவில்லை. மாகறலில் எல்லோருக்கும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுத் தறியின் சத்தம் எங்கள் அறைக்குள் கேட்டது. அங்கே ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அன்றுதான் அதை நன்றாகக் கேட்டேன். போன் சத்தத்தில் அதுவரை காதில் விழுந்ததில்லை. நெசவு செய்பவர் நடுநடுவே நிறுத்தி இழை எடுத்துக் கட்டுவதுகூடத் தெரிந்தது. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு, சுருள் கட்ட இவ்வளவு நேரமா என்று தோன்றியது. சீட்டு ஒட்டியிருந்தது. கூப்பிடவில்லை. ஒன்றரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்து பாதி சாதத்தைச் சாப்பிட்டேன். மீதியை அவருக்கு மூடி வைத்தேன். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஒன்றே ஐம்பதுக்குக் கையில் போனை எடுத்தேன். அவர் ஏணியில் இருந்தால் என்ன செய்வது என்று வைத்துவிட்டேன்.

இரண்டு ஐந்துக்கு சத்யராஜ் அண்ணன் கூப்பிட்டார். வேறு வேலைக்காக ஓரிக்கை வழியாகப் போனவர், டேனியலின் வண்டி மரநிழலில் நிற்பதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். கம்பத்துக்குப் பின்னால் சாலை சரிந்து இறங்குகிறது. ஏணி சரிவில் கிடந்திருக்கிறது. அதற்கும் கீழே, முள்செடிகளுக்கு நடுவில், விழும்போது அறுந்த ஃபைபர் சுருள் தோளில் மாட்டியபடி டேனியல் கிடந்திருக்கிறார். சாலையில் போகிறவர்களுக்கு வண்டிதான் தெரியும்.

"எஸ்தரு, மூச்சு இருக்குதுமா. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

நான் திரையைப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளும் இன்னும் அங்கேயே இருந்தன. அவற்றுக்குப் பிறகு வேறு வரி எதுவும் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, விழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான். சத்யராஜ் அண்ணன் தெரியவில்லை என்றார்.

"பன்னெண்டு பத்தொம்போது," என்றேன்.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு நாற்பது. "நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்போ யாராவது பாத்தாங்களா?"

நர்ஸ் அந்த நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டார். சத்யராஜ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்றார்கள். நாலு பத்துக்கு டேனியல் இறந்துவிட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் பூவராகவன் சாரிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் டேனியலின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையைத் திருப்பினேன். மண்ணும் சிராய்ப்பும். அதற்கு நடுவில் 23. இரண்டு தடவை அழுத்தி எழுதியதால் அழியவில்லை.

அடக்கம் முடிந்து நான்கைந்து நாள் நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. யாரோ குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். யாரோ தட்டைக் கையில் கொடுத்தார்கள். மேரி அத்தை அழவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் காலை என்னிடம் வந்தார்.

"இதுல பன்னெண்டு பத்தொம்போதுன்னு போட்டிருக்குது."

"ஆமா அத்தை."

"பன்னெண்டேகாலுன்னு போட்டிருந்தா எவனோ குத்துமதிப்பா சொன்னான்னு வுட்டுடலாம். பன்னெண்டு பத்தொம்போதுன்னா எவனோ பாத்துக்கினு இருந்திருக்கிறான். எம் புள்ள வுழுந்தத பாத்துட்டு, கடியாரத்தயும் பாத்துட்டு, போய்ட்டிருக்கிறான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கடுத்த நாளிலிருந்து அத்தை தினமும் பஸ் ஏறி ஓரிக்கைக்குப் போனார். கம்பத்துக்குப் பக்கத்து வீடுகளில் கேட்டார், நாற்று வாங்கப் போகிறவர்களை நிறுத்திக் கேட்டார், மாடு ஓட்டிப் போகிறவர்களைக் கேட்டார். அன்னிக்கு மத்தியானம் இங்க யாரு இருந்தீங்க? கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் தனசேகரன் என்பவரின் டீக்கடை இருக்கிறது. அவர் மேல்தான் அத்தைக்குச் சந்தேகம். அவர் கடையில் சுவர்க் கடிகாரம் மாட்டியிருந்தார்.

பதினைந்தாம் நாள் நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மையில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

"வண்டி நின்னுக்கினு இருந்தது பாத்தியா இல்லியா?" என்று அத்தை கடை வாசலில் நின்று கேட்டார்.

"வண்டிய பாத்தேம்மா," என்றார் தனசேகரன். ஐம்பது வயது இருக்கும். டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். "கம்பத்துல வேலை செய்றாங்கன்னு நெனச்சுக்கினேன். ஆள பாக்கல. இங்கேருந்து அந்தப் பள்ளம் தெரியாதும்மா, நீயே நின்னு பாரு. பாத்திருந்தா வுடுவனா?"

"அப்போ பன்னெண்டு பத்தொம்போதுன்னு யாரு சொன்னது? காத்து சொல்லிச்சா?"

"எனுக்கு இன்னாமா தெரியும்?"

அத்தை குனிந்தார். சாலையோரத்து மண்ணை இரண்டு கையாலும் வாரினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிறவர் அவர். அவர் கையில் மண்ணைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

"எம் புள்ள வுழுந்தத பாத்துட்டு சும்மா இருந்தது எந்தக் கண்ணோ, அந்தக் கண்ணு அவிஞ்சு போவணும்."

கடை வாசலில் வீசினார். மறுபடியும் குனிந்து வாரினார்.

"பாத்துட்டு துன்ன சோறு அந்த வயித்துல நிக்கக் கூடாது."

மூன்று முறை வாரி வீசினார். காற்று எங்கள் பக்கம் அடித்தது. மண்ணில் கொஞ்சம் என் கால் மேலும் புடவை மேலும் விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை. தனசேகரன் கடைக்குள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பஸ்ஸில் அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் கண்களை மூடித் திறந்து பார்த்தேன். தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தையை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை, நானும் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு போகவில்லை. பூவராகவன் சார் எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சத்யராஜ் அண்ணன் கதவருகே நின்றார்.

திரையில் மஞ்சள் சீட்டு அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அத்தை கிட்டே போய் எழுத்துக் கூட்டினார். "டே... னி... யல்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா இது?"

சொன்னேன். சீட்டு எதற்கு, யார் வைத்த விதி, அதை யார் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் சொன்னேன். இரண்டு வழி, ஹலோ, நாற்பது விநாடி. அன்று வீட்டில் டேனியல் சிரித்தது அத்தைக்கு நினைவிருந்தது, தலையசைத்தார். பிறகு பழைய பதிவுகளைத் தேடி அந்த வரியைத் திரையில் கொண்டுவந்தேன். நேரத்தின் கீழே விரலை வைத்தேன். பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று.

"ஓரிக்கைல யாரும் பாக்கல அத்தை. இத நான்தான் பாத்தேன். ஆஸ்பத்திரில நேரம் சொன்னதும் நான்தான்."

அத்தை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு மறுபடியும் புடுங்கி டெஸ்ட் பண்றாருன்னு நெனச்சேன். அந்தப் பக்கம் எல்லாருக்கும் லைன் ஓடிக்கினே இருந்துச்சு, ஒரு போன்கூட வரல. முன்ன மாதிரி இருந்திருந்தா அப்பவே அடிச்சிருப்பாங்க. கால் மணில அங்க ஆள் போயிருக்கும். அப்பிடி அடிக்காத மாதிரி செஞ்சது நான். அடிக்கலன்னு சந்தோஷப்பட்டேன். சிரிச்சேன். ஸ்வீட் சாப்ட்டேன்."

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சோறு துன்னியா?" என்றார் அத்தை.

"துன்னேன். பாதி."

"மீதி?"

"அவருக்கு மூடி வெச்சேன்."

அத்தை எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இத அவன் சொன்னாத்தான் எடுக்கணுமா?"

"ஆமா."

"அவன் இனிமே சொல்ல மாட்டான். நான் சொல்றேன், எடு."

எடுத்தேன். பதினாறு நாளில் பசை திரையோடு ஒட்டிக்கொண்டு ஓரம் கிழிந்தது. அதனடியில் விளக்கு பச்சையாக இருந்தது. அடக்கத்துக்கு மறுநாளே சத்யராஜ் அண்ணன் போய் அறுந்ததை ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். சீட்டை எடுக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை.

"தொடப்பம் இருக்குதா இங்க?" என்றார் அத்தை.

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை சத்யராஜ் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அத்தை அதை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன். பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை, முன் சீட்டில் உட்கார்ந்தார்.

ஓரிக்கையில் இறங்கி நேராக தனசேகரன் கடை வாசலுக்குப் போய்க் குனிந்து பெருக்க ஆரம்பித்தார். தனசேகரன் முதலில் பயந்துபோனார்.

"இன்னாமா இது? நேத்தே பெருக்கிட்டேன். கடை வாசலாச்சே."

"நீ பெருக்கினது குப்ப. நான் போட்டத நான்தான் பெருக்கணும்."

"வுடுமா. நீ வயித்தெரிச்சல்ல செஞ்ச."

"உன்மேல இல்லப்பா. நீ பாக்கல. யாரும் பாக்கல."

என் பக்கம் திரும்பாமல்தான் அதைச் சொன்னார். கடை வாசலிலிருந்து தார்ச்சாலை விளிம்பு வரை பெருக்கினார். நான் நேற்று நின்ற இடத்தையும் பெருக்கினார். சேர்ந்ததை அள்ள முறம் இல்லை. முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்ச் சரிவில் கொட்டினார். தனசேகரன் இரண்டு டீ போட்டு வைத்தார். அத்தை ஒன்றை எடுத்துக் குடித்தார். இன்னொன்றை எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அதைப் பற்றி அத்தை என்னிடம் பிறகு பேசியதில்லை. நாங்கள் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தருகிறார். எலுமிச்சம் சாதம் மட்டும் செய்வதில்லை. மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க நான் இன்னும் துணியவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் சில மாற்றங்கள் செய்தேன். இப்போது மஞ்சள் சீட்டில் பெயரோடு நேரமும் எழுத வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை, ஏறியிருப்பவர் இறங்கி வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் ஆள் அனுப்பிவிடுவோம். ஏணி வேலைக்குத் தனியாக யாரும் போவதில்லை. லைன் செத்ததாகத் திரை சொன்னால், வழி மாறினாலும் மாறாவிட்டாலும், அறையில் ஒரு மணி அடிக்கும்படி செய்திருக்கிறேன். பெரிய சத்தம். அது அடிக்கும்போதெல்லாம் கீழ்வீட்டில் தறியை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறார்களாம்.

போன மாதம் ஓரிக்கைப் பெட்டியில் சுவிட்சை மாற்றினோம். புதியது, பெரியது, நாற்பத்தெட்டு போர்ட். ஆபீஸ் பக்கம் போகும் லைன்களைக் கடைசி போர்ட்டுகளில் வைப்பதுதான் வழக்கம். சத்யராஜ் அண்ணன் அங்கிருந்து கூப்பிட்டார். கூட ஏணியைப் பிடிக்கப் போனவரின் குரலும் கேட்டது.

"எஸ்தரு, ஆபீஸ் ஃபைபர எதுலமா சொருவட்டும்?"

சொன்னேன். "சரிமா," என்றார்.

ஆபீசிலிருந்து ஓரிக்கைக்குப் போகும் ஃபைபர் இன்றும் இருபத்து மூன்றாவது போர்ட்டில்தான் இருக்கிறது.